கடல்மேல் புதுநன்மை

அவளுடைய ஒரு கால் வள்ளத்துக்குள் இருந்தது. மற்றது இன்னும் மணலில்.

"இறங்கு டெல்பினு," என்றார் கோயில் கமிட்டித் தலைவர் பயஸ். "நீயும் பிள்ளையும் கரையில நில்லுங்க. சாமி இங்க வந்து நன்ம தருவாரு."

அவர் அதட்டவில்லை. இரங்கித்தான் சொன்னார்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வள்ளத்தின் நடுவில் மகள் ரெனிஷா உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கவுன். தலையில் வெள்ளை நெட். கவுன் துணியில் மிஞ்சியதில் தைத்த முகக்கவசம். போன வருடமே வாங்கியிருக்க வேண்டிய புதுநன்மை, பிள்ளைகள் முதன்முதலாகத் திருவப்பம் வாங்கும் சடங்கு. கொரோனா வந்து கோயிலைப் பூட்டிவிட்டது. கணுக்காலைத் தொட்ட கவுன் இப்போது கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது.

கோயிலைத் திறந்த பிறகும், இடைவெளி விட்டு உட்கார்ந்தால் ஊரில் கால்வாசிப் பேருக்குக்கூட இடமில்லை. கோயில் பாதிரியாரான பங்குச்சாமிதான் யோசித்துச் சொன்னார். கல்லடுக்கி வளைத்த தூண்டில் வளைவுக்குள் அலை அதிகம் வராது. வீட்டுக்கு ஒரு வள்ளம். அந்த வீட்டார் மட்டும். எஞ்சின் வேண்டாம், துடுப்புப் போதும். கடலிலேயே பூசை.

இந்த ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை.

இன்று ஏறினார்கள். கணவன்மார் கை கொடுத்தார்கள். வள்ளம் ஆடும்போதெல்லாம் முகக்கவசங்களுக்குள் அலறல். அலறி முடித்ததும் சிரிப்பு.

அவளுக்குக் கை கொடுக்க யாருமில்லை. அவள் கணவன் கிளிட்டஸ் போன ஆழ்கடல் படகு புயலுக்குப் பின் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து அவள் கடற்கரைக்கு வந்ததும் இல்லை. மீனைக்கூடச் சந்தையில்தான் வாங்குவாள்.

கிளிட்டஸின் சின்ன வள்ளத்தைத் தண்ணீர் ஓரத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, கொழுந்தன் தன் குடும்பத்தோடு போய்விட்டான். அவன் வேறு வீடு. ஒரே வள்ளத்தில் வரக் கூடாது.

"வள்ளத்துக்கு ஆளு வேணுமே, பிள்ளே," என்றார் பயஸ்.

"ஆளு இருக்கு மாமா."

மணலில் இருந்த காலால் உந்தினாள்.

அலை முன்பக்கத்தைத் தூக்கியது. ரெனிஷா இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டாள். வள்ளம் பக்கவாட்டில் திரும்பி, கற்களைப் பார்த்துப் போயிற்று. கரையில் யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

அவள் பிறந்தது அலையில்லாத காயல் கரையில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கதம்பல் என்கிற தேங்காய் மட்டை ஏற்றிய தோணியை அக்கரைக்குக் கொண்டுபோவது அவள்தான். கட்டிக்கொண்டு வந்த ஊரில் அதை யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஒரே பக்கம் போட வேண்டும். முடிக்கும்போது மணிக்கட்டைத் திருப்ப வேண்டும்.

கை மறந்திருக்கவில்லை.

ஆனால் இது காயல் இல்லை. அடியிலிருந்து முதுகு கொடுத்துத் தூக்குகிற தண்ணீர். அவனைக் கொண்டுபோன தண்ணீர்.

அவள் அதை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே துடுப்பை அதற்குள் இறக்கினாள். இழுத்தாள். மறுபடி இறக்கினாள்.

வள்ளம் நேரானது.

சாமியின் வள்ளம் நடுவில் நின்றது. பலகைமேல் வெள்ளைத் துணி, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கல். சுற்றிலும் ஊர்.

அவள் ஓர் இடைவெளியில் போய் நின்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

யாரோ ஒருத்தி பாட்டை எடுத்தாள்.

கோயிலுக்குள் பாடத் தடை. இங்கே கூரையில்லை, சுவரில்லை, காற்று மட்டும். ஒரு வருடமாய் அடக்கிவைத்த குரல்கள் வள்ளம் வள்ளமாய் எழுந்தன. தூண்டில் வளைவின் கற்கள் அதைத் திருப்பிப் பாடின. டெல்பினும் பாடினாள். தன் குரல் இவ்வளவு பெரியதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நன்மை கொடுக்கிற நேரம். சாமி கைகளைக் கிருமிநாசினியால் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வள்ளமாக வந்தார்.

ரெனிஷா முகக்கவசத்தை இறக்கினாள். உள்ளங்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீட்டினாள்.

அப்போது ஓர் அலை வந்தது.

இரண்டு வள்ளங்களும் விலகின. நடுவே தண்ணீர் விரிந்தது. சாமியின் கை எட்டவில்லை. மகளின் கை எட்டவில்லை. குழந்தையின் முகம் கோணிற்று.

டெல்பின் துடுப்பை ஆழமாகப் போட்டாள். ஓர் இழுப்பு. இன்னொன்று. பிறகு துடுப்பைக் குத்தாக நிறுத்தி, தன் முழு எடையையும் அதில் சாய்த்தாள்.

வள்ளம் அசையாமல் நின்றது.

அப்பம் உள்ளங்கையில் இறங்கியது.

"ஆமென்," என்றாள் ரெனிஷா. தண்ணீர்மேல் அந்தக் குரல் கரைவரை போயிற்று.

அடுத்து டெல்பின் வாங்கினாள். ஒரு கை துடுப்பில், ஒரு கை நீட்டியபடி.

எங்கோ ஒரு வள்ளத்தில் துடுப்புக் கட்டையால் விளிம்பைத் தட்டும் சத்தம் கேட்டது. இன்னொரு வள்ளத்தில். பிறகு எல்லா வள்ளங்களிலும். பூசை நடுவில் இப்படித் தட்டுவது வழக்கமில்லை. சாமி தடுக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பூசை முடிந்து வள்ளங்கள் கரைக்குத் திரும்பின.

பயஸின் வள்ளம் அவளைத் தாண்டிப் போக வந்தது. அவர் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டார். எதிரில் அவர் மனைவி ஆக்னஸ், சேலையை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருந்தவள், டெல்பினின் மணிக்கட்டு திரும்புவதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிறகு சேலையை விட்டுவிட்டுக் கணவனைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்தத் துடுப்ப இங்க தாங்க."

பயஸ் துடுப்புப் போடுவதை நிறுத்தினார்.