எந்தக் கப்பல்?

என் மனைவி சுவேந்தினி மூச்சு முட்டி இறந்தபோது நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். "சுவேந்தினிப் பிள்ளை எத்தனை தரம் கத்திக் கூப்பிட்டது, தம்பி!" என்று பக்கத்து வீட்டுச் சீதேவி அக்கா செத்த வீட்டிலேயே சொன்னார். பொய் என்றேன். அதன்பிறகு அவரோடு கதைப்பதில்லை.

இன்று சுவேந்தினியின் தம்பி கஜீபன் என்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஓர்ஸ் ஹில்லில் உள்ள ஒரு டொக்டரிடம் கூட்டி வந்தான்.

"கதைச்சுக்கொண்டிருக்கேக்க அத்தான் அப்பிடியே மரம் மாதிரி இருந்திடுவார், டொக்டர்."

டொக்டர் சோதித்தார். "காதில ஒரு குறையும் இல்லை."

"அதைத்தான் நானும் சொல்றன். அவள் கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்."

டொக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப துறைமுகத்தில கப்பல் ஊதினது கேட்டதோ?"

"எந்தக் கப்பல்? ஒண்டும் ஊதேல்லையே."

கஜீபன் தலை குனிந்துகொண்டான். "ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது, அத்தான்."

"இது ஒருவகை வலிப்பு. அந்த நேரம் எந்தச் சத்தமும் மனதில பதியாது. வந்து போனதும் உங்களுக்குத் தெரியாது," என்றார் டொக்டர்.

வீட்டுக்குப் போகாமல் நேரே சீதேவி அக்காவின் வீட்டுப் படலையில் போய் நின்றேன்.

"அக்கா, அவள் கனதரம் கூப்பிட்டவளோ?"

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. ஒருக்காத்தான். அதுவும் மெல்லமாய்."

இந்தமுறைதான் அவர் பொய் சொன்னார்.