உங்களுக்கென்றே ஒருவர்

ஐந்து தடவை அடித்தும் அவர் போனை எடுக்கவில்லை. அக்காவுக்கு ரத்தம் கொதித்தது.

மணி எட்டு ஐம்பது. ஒன்பதுக்கு நானூறு பெரியவர்களுக்குப் போன் போயாக வேண்டும். "மாத்திரை போட்டாச்சா?" அக்காவும் தங்கையும் இருந்த வேலையை உதறிவிட்டு ஆரம்பித்த கம்பெனிக்கு மொத்த வியாபாரமும் அந்த ஒரு கேள்விதான். அதை அனுப்ப வேண்டிய சர்வரோ அசையாமல் படுத்துக் கிடந்தது.

சர்வர் கம்பெனிக்காரர்கள் சேர்க்கும்போது தேன் ஒழுகப் பேசினார்கள். "புதுக் கம்பெனிகளுக்கு எங்கள் சலுகை! உதவிக்கு உங்களுக்கென்றே ஒருவர், ஒரு வருஷம், இலவசமாக!"

அந்த ஒருவருக்குத் தங்கை வைத்த பட்டப்பெயர் 'அஞ்சு நிமிஷம்'. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

ஆறாவது தடவை எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல். "அந்தப் பெட்டியை எவன்யா இறக்கறது?" என்று யாரோ கத்தினார்கள்.

"எங்க சார் சுத்திட்டிருக்கீங்க?"

"வெளியில இருக்கேன் மேடம். அஞ்சு நிமிஷம். திரையில என்ன வருதுன்னு படிங்க."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். அவர் சொல்லச் சொல்லத் தட்டினாள். ஒன்பது மூன்றுக்கு சர்வர் எழுந்துகொண்டது.

"எல்லாருக்கும் போயிடுச்சா மேடம்? ஒருத்தரும் விட்டுப் போகலையே?"

"போச்சு. ஓசிதானேன்னு எங்களை இளக்காரமா நினைக்காதீங்க சார். உங்க மேலிடத்துக்கு எழுதத்தான் போறேன்."

"வேணாம் மேடம். மன்னிச்சிடுங்க."

"விட்டுடுக்கா, பாவம். எப்படியும் சரி பண்ணிக் குடுத்துடறார்ல?" என்றாள் தங்கை.

"பாவம் பார்த்தா தொழில் நடத்த முடியாதுடி!"

சூடு ஆறுவதற்குள் எழுதி அனுப்பினாள். வேலை நேரத்தில் ஊர் சுற்றுகிறார், கூப்பிட்டால் எடுப்பதில்லை, உடனே ஆளை மாற்றுங்கள். அவருடைய போன் நம்பரையும் மறக்காமல் சேர்த்தாள்.

மத்தியானமே பதில் வந்தது. தங்கை உரக்கப் படித்தாள்.

"அன்புடையீர், நீங்கள் குறிப்பிடும் சலுகையை மூன்று மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டோம். அதற்கென இருந்த ஊழியர்களையும் அன்றே வேலையிலிருந்து விடுவித்துவிட்டோம்..."

அக்காவின் முகம் வெளுத்துப் போனது.

"மூணு மாசமாவா? அப்போ இத்தனை நாளா நமக்கு எதுக்குடி..."

அவசரமாகப் போனை எடுத்து அவருடைய நம்பரைத் தேடினாள். மன்னிப்புக் கேட்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

"இரு அக்கா, இன்னும் ரெண்டு வரி இருக்கு." தங்கையின் குரல் கம்மியது.

"அவர் திருப்பித் தராமல் வைத்திருந்த எங்கள் அலுவலக நம்பரை இன்று துண்டித்துவிட்டோம். சுட்டிக்காட்டிய உங்களுக்கு மிக்க நன்றி."