மலைக்குப் போகும் கார்

சுவிற்சர்லாந்தின் துன் நகரில் லக்ஷ்மணன் நடத்தும் கார் கராஜுக்கு சஜீதா பஸ்ஸில் வந்து இறங்கினாள். காருக்குக் குளிர்கால ரயர் வேண்டும் என்றாள்.

“இங்கை பனியை விட மழைதானே கூட, அக்கா. எல்லாக் காலத்துக்கும் ஓடுற ரயர் காணும்,” என்றான் லக்ஷ்மணன்.

“காணாது. வெள்ளிக்கிழமையிலை பிள்ளையள் ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு மலைக்குப் போற கார். கீழை மழை, மேலை ஐஸ். வளைவிலை வழுக்கினால் என்ன செய்யிறது?”

“அப்ப இதைப் போடுங்கோ. பனியிலை நல்ல பிடி.”

“ஈர றோட்டிலையும் பிறேக் பிடிக்குமோ?”

“ஓம்.”

“வேகமா ஓடினாலும்?”

லக்ஷ்மணன் சிரித்தான். “கொஞ்சம் மெதுவா ஓடுங்கோவன் அக்கா.”

சஜீதா சிரிக்கவில்லை. இருந்ததில் மிகச் சிறந்த ரயர்கள் நான்கையும் தெரிவு செய்து, அப்போதே காசையும் கட்டினாள்.

“நாளைக்குக் காலமை காரைக் கொண்டு வாங்கோ, ரயரைப் பூட்டி விடுறன்.”

“நான் வரேல்லை. நிரோஜினி எண்டு ஒராள் கொண்டு வருவா. அவதான் அந்தக் காரை ஓடுறவ.”

“உங்கடை தங்கச்சியோ?”

“இல்லை. என்ரை மனுசன் என்னை விட்டிட்டு இப்ப அவவோடை மலையிலை இருக்கிறார். சனி, ஞாயிறு பிள்ளையள் தகப்பனிட்டைப் போறவை.”

லக்ஷ்மணன் திகைத்துப்போனான். “அவவின்ரை காருக்கோ அக்கா, நீங்கள் இவ்வளவு நல்ல ரயர் வாங்கினனீங்கள்?”

“பின் சீற்றிலை என்ரை பிள்ளையளெல்லோ இருக்கினம்,” என்றாள் சஜீதா. “பின்னுக்கு மட்டும் பூட்டினால் காணுமெண்டால், ரெண்டு ரயரோடை விட்டிருப்பன்.”