அசையாம இருக்குமா?

“ஊசி போட்டா முகம் அசையாம போயிடுமா, டாக்டர்?”

சுருக்கம் போக்கும் ஊசிக்கு வருகிற எல்லாரும் கேட்கிற கேள்விதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் பதில் சொல்லிவிடுவேன். ஆனால் என் வேலை அதுவல்ல. டாக்டரம்மா பக்கத்தில் நின்று கைக்கண்ணாடியை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் லேசில் திருப்பித் தருவதில்லை.

வலிக்குமா? எறும்பு கடித்த மாதிரி இருக்கும். எப்போது தெரியும்? இரண்டு வாரத்தில் முழுசாக. எவ்வளவு நாள் நிற்கும்? மூன்று, நான்கு மாதம், அப்புறம் பழையபடிதான். டாக்டரம்மா சலிக்காமல் சொல்வார்.

இன்றைக்குக் கேட்டவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் முகத்தில் ஒரு சுருக்கம் அகப்படாது. வெளியே காத்திருந்த இரண்டு அம்மாக்கள், இந்த வயசிலேயே இதுக்கு இப்படி அலையணுமா என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நானும் அதையேதான் நினைத்தேன்.

“பயப்படாதீங்கம்மா, அளவாத்தான் போடுவோம். முகம் நல்லா அசையும்” என்றார் டாக்டரம்மா.

அவள் முகம் வாடிப்போனது.

“அசையக்கூடாது டாக்டர். புருவத்துக்கு நடுவுல சுத்தமா அசையாம இருக்கணும்.”

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். எனக்கோ தலை சுற்றியது. வருகிறவர்கள் எல்லாம் அசையாமல் போய்விடுமோ என்று நடுங்குவார்கள். இவள் என்னடாவென்றால் தலைகீழாக நிற்கிறாள்.

கண்ணோரம் மட்டும் கை வைக்க வேண்டாம், சிரித்தால் அங்கே தெரிய வேண்டும் என்று வேறு சொன்னாள். சினிமாவில் சேரப் போகிறாளா? மாமியார் முன்னால் கோபத்தை மறைக்கவா? என் மண்டை குடைந்தது.

கண்ணாடியை நீட்டினேன். வாங்கியவள் அதைப் பார்க்கவே இல்லை. மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதத்துக்குள் சரியாகிவிடுமா என்று கேட்டாள். என்ன விசேஷம், கல்யாணமா என்றார் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே.

“இல்ல டாக்டர். ஒரு பொண்ணுக்குக் கட்டுப் பிரிக்கணும்.”

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்ஸ். அங்கே பள்ளிக்கூடம் படிக்கிற ஒரு பெண். அடுப்புத் தீயில் கன்னம் வெந்துவிட்டது. போன வாரம் இவள்தான் கட்டைப் பிரித்திருக்கிறாள். புண் நன்றாகவே ஆறிக்கொண்டு வருகிறது. ஆனால் கவனமாக வேலை செய்தால் இவளுக்குப் புருவம் தானாக நெரியும், சின்ன வயசுப் பழக்கம். அதை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், சரியாகச் சாப்பிடுவதில்லை. அடுத்த மாதம் தழும்புக்கு ஆபரேஷன், அதற்குப் பிறகும் இவள்தான் கட்டுப் பிரிக்க வேண்டும். அந்தப் பெண்ணோ ஆபரேஷனே வேண்டாம் என்கிறாளாம்.

“நல்லா ஆறுதும்மான்னு நூறு தடவ சொல்லிட்டேன் டாக்டர். நம்பவே மாட்டேங்கிறா.”

மாஸ்க் போட்டுக்கொள்ளலாமே என்றார் டாக்டரம்மா.

“மாஸ்க் போட்டுத்தான் பிரிப்பேன். வெளிய தெரியறதே கண்ணும் புருவமும்தான்.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு, “இதுக்குப் போய் ஊசியா? அந்தப் பொண்ணு கையில ஒரு கண்ணாடியக் குடுத்தா, ஆறியிருக்கிறத அவளே பாத்துக்க மாட்டாளா?” என்றார்.

அவள் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“எங்க வார்டுல கண்ணாடியே வைக்க மாட்டாங்க டாக்டர். கட்டுப் பிரிக்கிறப்ப எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க.”