ராஜமாணிக்கம் எடுத்த வகுப்பு

ராஜமாணிக்கம் ஒரு நல்ல பாம்பு. பெஞ்சமின் என்பவர் அதை ஆசைக்காகக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்தார். பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்ப் பாம்புகளைப் பற்றிப் பாடமும் நடத்தினார். பேசுவதெல்லாம் பெஞ்சமின்தான், ராஜமாணிக்கம் படம் மட்டும் எடுக்கும். ஆனாலும் நாலு பள்ளி போய்வந்ததும், தான்தான் வாத்தியார் என்ற நினைப்பு அதற்கு வந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்கென்று ஒரு வெள்ளை எலியைப் பெட்டிக்குள் போட்டார் பெஞ்சமின். ராஜமாணிக்கம் வாயைத் திறந்தது. எலி கையைத் தூக்கியது.

"ஐயா, ஒரு சந்தேகம். பாம்புக்குக் காது உண்டுங்களா?"

திறந்த வாய் மூடிக்கொண்டது. இதுவரை யாரும் அதனிடம் நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை.

"அருமையான கேள்வி! உட்கார்."

காதில் தொடங்கி, விஷப்பல் வழியாக, சட்டை உரிப்பதற்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "இதுக்குப் பசியில்லை போல" என்று பெஞ்சமின் எலியை இடுக்கியால் எடுத்துப் பழையபடி மற்ற எலிகள் இருந்த கூண்டில் விட்டார்.

எலி கூண்டில் சங்கதியைச் சொன்னது. அடுத்த செவ்வாய் வந்த எலியும் ஒரு சந்தேகம் கேட்டது. அதற்கடுத்தது இரண்டு கேட்டது. ராஜமாணிக்கம் கயிறாக இளைத்துவிட்டது, ஆனால் பூரித்துப்போயிருந்தது.

நாலாவதாக ஒரு கொழுத்த எலி வந்தது.

"வாப்பா, என்ன சந்தேகம்?"

"சந்தேகமா, எனக்கா? அந்த மூணு பேரும் சொல்லிச் சொல்லி எனக்கு எல்லாம் மனப்பாடம்."

ராஜமாணிக்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. இன்று வகுப்பு இல்லை என்றானதும்தான், ஒரு மாதமாகச் சாப்பிடவில்லை என்பது அதற்கு ஞாபகம் வந்தது.