கடலுக்குப் போகாத நாட்கள்

"ஒரு நாளும் விடல்ல சேர். நாப்பத்திரண்டு நாளும் கடலுக்குப் போனனான்."

சட்டத்தரணி நௌஷாட் தலையில் கை வைத்தார். காலையிலிருந்து முகத்துவாரத்து மீனவர் குடியிருப்பில் முப்பது வீடு ஏறி இறங்கியாகிவிட்டது. இப்படி ஒரு மனிதரை அவர் காணவில்லை.

"யாக்கோப்பண்ணே, மெதுவாப் பேசுங்க! கப்பல் உடைஞ்சு எண்ணெய் கொட்டினதால கடலுக்குப் போகத் தடை போட்டாங்க. அந்த நாப்பத்திரண்டு நாளும் தொழில் இல்லாமக் கிடந்ததுக்குத்தான் நட்டஈடு கேட்கிறம். போனன் எண்டு சொன்னா ஒரு சதமும் வராது."

"தெரியும்."

தெரியுமாம்! கூரைத் தகரத்தில் நாலு இடத்தில் ஓட்டை, மனுஷனுக்கு வீம்பு வேறு. நௌஷாட் எரிச்சலோடு சத்தியக் கடதாசியை நிரப்பத் தொடங்கினார்.

"வீட்டில எத்தின பேர்?"

யாக்கோப்பு வாய் திறக்குமுன், தேத்தண்ணீரோடு வந்த அவர் மனைவி செசீலியா சொன்னாள். "மூணு பேர். நாங்க ரெண்டு பேரும், மகன் அன்ரோவும்."

"மகன் எங்க?"

"கடலுக்குப் போயிருக்கான்." சொன்னவள் நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

தடை நீங்கி ஏழு நாள். ஊரில் பாதிப் பேர் கடலில்தான். நௌஷாட் அப்படியே எழுதிக்கொண்டார்.

மூலையில் வலை மடித்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தார். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. நூல் காய்ந்து, மேலே சிலந்தி கூடு கட்டியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சும்மா வீரம் பேசுறீங்க என்ன? இந்த வலை ரெண்டு மாசமாக் கடலையே காணல்ல. இந்தாங்க, ஒப்பத்த வைங்க. 'தடைக் காலத்தில் ஒரு நாளும் கடலுக்குப் போகவில்லை.' எல்லாருக்கும் இதே வசனந்தான். நாளைக்குக் கோர்ட்டுக்குக் குடுக்காட்டி, பிறகு ஆராலயும் ஒண்டும் செய்ய ஏலாது."

யாக்கோப்பு பேனாவை வாங்கினார். நகக்கண்ணெல்லாம் இன்னும் எண்ணெய்க் கறுப்பு. பேனா கடதாசியைத் தொட்டு அப்படியே நின்றது. கண்ணீர்தான் விழுந்தது.

"என்னண்ணே, காசு வேணாமா?"

உள்ளே செசீலியா வாய்விட்டு அழுதாள்.

"கப்பல் உடைஞ்ச அண்டைக்குப் போன புள்ள இன்னும் வரல்ல, சேர்... தேடிப் போகல்லெண்டு நான் எப்பிடி ஒப்பம் வைக்கிற?"