பாதி விலை செட்

"ரெண்டு வாக்கிடாக்கி செட்டும் ஒரே தூரந்தான் எட்டும், பிரகாசி. இது பாதி விலை. சிக்னல் போனா என் குரல்ல அதுவே பதில் சொல்லிக்கிடும். நீ பயப்படாம—"

"நீங்க இல்லாதப்ப உங்க குரல்ல எவன் பேசினா எனக்கென்ன? நான் பயந்துட்டே இருக்கேன். நீங்க பேசினா மட்டும் பேசுறத எடுங்க."

"பிடிவாதக்காரி" என்று கடைக்காரரிடம் சிரித்துவிட்டு, கஸ்பார் தன் மனைவி கேட்டதையே வாங்கினான். அவனோடு ஒரே படகில் கடலுக்குப் போகும் செல்வின் பாதி விலை ஜோடியை எடுத்துக்கொண்டான்.

புயல் அடித்த மூன்றாம் நாள், அந்தப் படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. உடல்கள் இரண்டும் வலைக்குள் சிக்கியிருந்தன. பிரகாசியின் செட்டில் புயலின் முதல் நாளிலிருந்தே வெறும் இரைச்சல்தான்.

செல்வினின் மனைவி ஜெயசீலி மட்டும் கடற்கரைக்கு வரவில்லை. அவளிடம் யார் சொல்வது என்று எல்லோரும் தயங்கியபோது, பிரகாசிதான் எழுந்து போனாள்.

ஜெயசீலி வாசலில் உட்கார்ந்து செட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிரகாசியைக் கண்டதும் அதை அவளிடம் நீட்டினாள்.

"வாங்க மதினி, அண்ணனும் இவுக பக்கத்துலதான் இருக்காகளாம். பேசுறியளா?"